உள்ளே ஊற்றிப் பார்த்த படகு

படகை லாரியிலிருந்து இறக்கிய அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ஆறு எங்கீங்க சாமி?"

நியாயமான கேள்விதான். எங்கள் கோழிப் பண்ணை நாமக்கல் பக்கம் மேட்டு நிலத்தில் இருக்கிறது. காவிரி வெகு தூரம். மலை மேல் ஒரு தங்கும் விடுதி, ஏரியில் ஓட்டிக் கழித்த பிளைவுட் படகை ஏலம் விட, அதை நான் எடுத்தபோது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. பொறியியல் முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். எதைப் பார்த்தாலும் கழற்றி மாட்டத் தோன்றிய காலம்.

காலி ஷெட்டில் அப்பா இடம் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. இரண்டு வாரத்தில் அங்கே புதுக் குஞ்சுகள் இறங்கும். அதற்குள் படகு ஒழுகாமல் நின்றால் அவரே ஆற்றுக்குக் கொண்டுபோவார். ஒழுகினால் அடுப்புக்கு.

தரைப் பலகையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஒரு தச்சரைக் கூட்டி வந்தேன். அவர் படகைச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுக்குப் பின்கதவு எங்கீங்க?"

"கதவே கிடையாதுங்கண்ணா."

"அப்பறம் லோடு எப்படி எறக்கறது?"

"லோடு நாந்தாங்கண்ணா."

தலை முதல் கால் வரை என்னை ஒரு எடை போட்டார். பிறகு இற்றுப்போன தரையை வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டை அடித்தார்.

அடிப்பாகத்து விரிசல்கள் என் பொறுப்பு. எபாக்சிப் பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்து, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்ட வேண்டும். கலந்த பசை அரை மணி நேரம் இறுகாமல் தாங்கும் என்று வீடியோவில் ஒரு குளிர்தேசத்துக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் சித்திரை வெயிலில் பத்தாவது நிமிடமே டப்பாவுக்குள்ளேயே சூடேறி இறுகிப் புகைந்தது. அதன்பின் ஒவ்வொரு கரண்டியாகக் கலந்து ஓடி ஓடிப் பூசினேன். பக்கத்து ஷெட்டிலிருந்து இறகுகள் பறந்து வந்து ஈரப் பசையில் உட்கார்ந்தன. பிடுங்கப் பிடுங்க வந்தன. கடைசியில் இறகோடு சேர்த்தே பெயின்ட் அடித்துவிட்டேன்.

இனி ஒழுகுகிறதா என்று பார்க்க ஆறு வேண்டும். ஆற்றுக்குப் போக வேண்டுமானால் ஒழுகக்கூடாது. நான் இதில் சுற்றிக்கொண்டிருந்தபோது தச்சர் வழி சொன்னார்.

"டேங்கர் லாரிய ஆத்துல எறக்கியா ஓட்டை பாக்கறோம்? உள்ள ஊத்துங்க அம்மிணி. வெளிய வந்தா ஓட்டை."

நாலு வருடம் படித்த எனக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது. சுற்றிலும் மணல் மூட்டைகளை முட்டுக் கொடுத்து, பாதிப் படகு வரை போர்வெல் தண்ணீரை விட்டோம். அப்பா குனிந்து அடிப்பாகத்தைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மாலை வரை ஒரு சொட்டு இல்லை.

"நிக்குது" என்றார், சீட்டாட்டத்தில் தோற்றவர் போல. மறுநாள் காலைக்கு லாரி சொன்னார்.

லாரி வருவதற்கு முன்பே போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. மேலே தூக்கி, கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி மாட்ட மூன்று நாள் ஆகும். மேல்தொட்டியும் காலி. முட்டைக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அப்பா படகைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். படகில் நின்ற தண்ணீரை முதலில் இரண்டு கோழிக்கு மட்டும் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆகியும் அவை சாகாததால் எல்லாவற்றுக்கும் கொடுத்தார். லாரி வெறும் வண்டியாகத் திரும்பியது.

மோட்டார் வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, படகை மறுபடி நிரப்பியது.

"ஏனுங்கப்பா, ஆத்துக்குன்னு சொன்னீங்க."

"பிளாஸ்டிக் தொட்டில தண்ணி சுடுது சாமி. மரத்துல சில்லுனு நிக்குது. கோழி எப்படிக் குடிக்குது பாரு."

"அது எம் படகுங்கப்பா."

"ஆரு இல்லைன்னா?"

புதுக் குஞ்சுகள் வந்தன. படகை நடுவில் விட்டுச் சுற்றிலும் இறக்கினார்.

தச்சர்தான் சமரசம் பேசினார். கோழிகளுக்கு நான் வேறொன்று செய்து கொடுத்தால் என்னுடையது ஆற்றுக்குப் போகும். அப்பா ஒத்துக்கொண்டார். இப்போது ஷெட் வாசலில் அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். வெறும் தொட்டிதானே, நாலு பலகையைச் சதுரமாக அடித்தால் ஒரே நாளில் முடியும். அப்பா கேட்கவில்லை. முனையைக் கூராக்கச் சொல்கிறார்.

"அதே மாதிரி வேணும் சாமி. கோழி பழகிப்போச்சு."