அமிர்தராஜ் மாற்றாத வெட்ஜ்

கோயமுத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த பஞ்சாலையை மூடியபோது அமிர்தராஜுக்கு முப்பத்தொன்பது வயது. பதினேழு வருடம் நூல் அறுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து விரலால் ஒட்டிய மனிதர். வேறு தொழில் தெரியாது. யாரோ சொல்லி, ஊருக்குத் தெற்கே இருந்த கோல்ஃப் மைதானத்தில் விளையாட வருபவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலைக்குப் போனார். அந்த வேலைக்கு அங்கே கேடி என்று பெயர். போலீஸ் ஸ்டேஷன் பலகையில் படம் ஒட்டியிருக்கும் ஆட்களுக்கும் அதே பெயர்தான் என்பதால், கோயிலில் யாராவது விசாரித்தால் அவர் மனைவி இருதயம்மாள், "கிளப்புல வேலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

நான்கு வருடத்தில் அமிர்தராஜ் ஆட்டத்தைப் பார்த்தே படித்துவிட்டார். கணபதிப் பகுதியில் மோட்டார் பம்ப் வார்க்கும் பவுண்டரி வைத்திருந்த நஞ்சுண்டன், வாரம் மூன்று நாள் அவரைத்தான் பை தூக்கச் சொல்வார். நஞ்சுண்டன் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. விலை கொடுத்து வாங்கிய பொருளை முதல் ஒரு மாதம் எதிரியைப் போலத்தான் பார்ப்பார்.

1995 அக்டோபரில் அவருடைய மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு வெட்ஜ் வாங்கி வந்தார். பந்தைச் சட்டென்று மேலே தூக்கி, குழிக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்குவதற்கான குட்டை மட்டை அது. மழைக்காலம். தரை பொதபொதவென்று இருந்தது. நஞ்சுண்டன் வீசினால் பந்து தென்னை உயரம் எழும்பி, குழியருகே விழுந்து நின்றது. முதல்முறையாக ஒரு பொருளை அவர் வாய்விட்டுப் பாராட்டியதை அமிர்தராஜ் கேட்டார்.

தை பிறந்தது, மழை நின்றது. மாசியில் தரை கல்லாகிவிட்டது. ஒருநாள் ஏழாவது குழிக்கு முன்னால் நஞ்சுண்டன் அதே வெட்ஜை வீசினார். அது தரையில் மோதித் துள்ளி, பந்தின் நடுவயிற்றில் இடித்தது. பந்து எழும்பாமல் நேராகப் பறந்து வேலிப் புதருக்குள் போனது. அடுத்த குழியிலும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே.

நஞ்சுண்டன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அமிர்து, கணபதியில உனக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"மச்சான் இருக்கானுங்க. பவுண்டரியில அச்சுப் பிடிக்கற மோல்டருங்க."

நஞ்சுண்டன் மட்டையைப் பையில் செருகிவிட்டு நடந்தார். அந்தக் கேள்வி எதற்கு என்று அமிர்தராஜுக்கு மூன்று நாள் கழித்துத்தான் விளங்கியது. கிளப் செயலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். மச்சானை விட்டுச் சிங்கப்பூர் மட்டையை அச்சில் வைத்து, அதே மாதிரி ஒன்றை வார்த்து, அசலை எடுத்துக்கொண்டு போலியைப் பையில் போட்டுவிட்டதாக நஞ்சுண்டனுக்குச் சந்தேகமாம். கோயமுத்தூரில் எதைத்தான் வார்க்க முடியாது?

"மட்டையில மொதலாளி அடையாளத்துக்குப் பஞ்ச் புள்ளி குத்தி வெச்சிருக்காருங்களே. அது அப்படியே இருக்குதுங்களே," என்றார் அமிர்தராஜ்.

"மட்டையையே வார்க்கறவனுக்குப் புள்ளி வெக்கத் தெரியாதா?" என்றார் ஓரமாக உட்கார்ந்திருந்த நஞ்சுண்டன்.

கேடிகள் துணி மாற்றும் கொட்டகையில் அமிர்தராஜின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததையே சிலர், "கெட்டிக்காரன்தான்" என்று பேசிக்கொண்டார்கள். கூட வேலை செய்தவர்கள் தங்கள் பைகளைத் தள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். அமிர்தராஜுக்கும் புத்தி கோணியது. உண்மையிலேயே யாராவது மாற்றியிருப்பார்களோ என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

வீட்டில் இருதயம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கோவிக்காதீங்க. நெசமாச் சொல்லிப்போடுங்க. எடுத்தீங்களா?"

அவர் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காலை வேலை இல்லாமல் மைதானத்தைச் சுற்றினார். மழைக்காலத்தில் அந்த வெட்ஜ் பட்ட இடத்தில் மண் நாக்கு மாதிரிப் பெயர்ந்து வரும். இப்போது தரையில் வெள்ளைக் கீறல் மட்டும் இருந்தது. மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் கசிந்து, பாய் அகலத்துக்குத் தரை ஈரமாகக் கிடந்தது. அங்கேயே வெகுநேரம் நின்றார்.

நஞ்சுண்டன் வந்ததும் நேரே போய்ச் சொன்னார்: "ஏனுங்க மொதலாளி, அந்த மட்டையோட மூணாவது குழிக்கு வாங்க. மூணே பந்து அடிச்சுப் பாருங்க. அப்பறம் போலீசுல வேணும்னாலும் சொல்லுங்க."

"அங்க என்ன பண்ணி வெச்சிருக்கறே?"

"தண்ணிதானுங்க இருக்குது."

நஞ்சுண்டன் ஈரத்தைக் காலால் மிதித்துப் பார்த்தார். பந்துகளைத் தன் பாக்கெட்டிலிருந்தே எடுத்துப் போட்டார். முதல் வீச்சில் பந்து பழையபடி மேலே எழும்பி மெத்தென்று இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்தை நாலடி தள்ளிக் காய்ந்த தரையில் வைக்கச் சொன்னார் அமிர்தராஜ். மட்டை துள்ளியது. பந்து வேலிக்குப் பறந்தது.

அமிர்தராஜ் மட்டையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைக் காட்டினார். "இந்தத் தொப்பையைப் பாருங்க. ஈர மண்ணுலயும் மணல்லயும் மட்டை புதைஞ்சு போகாம இதுதான் தாங்குது. காஞ்ச தரையில இதே தொப்பை மோதி எழும்பிப்போடுது. மேலருந்து கொத்தி அடிக்கறவங்களுக்குன்னா கொஞ்சம் பரவால்லீங்க. நீங்க கூட்டுமாறு வீசற மாதிரி தரையை ஒட்டி வீசறீங்க. மட்டையோட மூஞ்சியை வேற மேல பாக்க விரிச்சு வெக்கறீங்க. தொப்பை இன்னும் கீழ எறங்குது. உங்க வீச்சுக்கு வெயில்காலத்துல தொப்பை கம்மியா இருக்கோணுங்க."

நஞ்சுண்டன் அதையும் நம்பவில்லை. வெட்ஜைப் பவுண்டரிக்குக் கொண்டுபோய், சமதளத் தகட்டின் மேல் தண்டை நட்டமாக நிறுத்தி, அடிப்பாகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கோணம் அளந்தார். பதினாலு டிகிரி. கார் ஷெட்டில் மூலையில் கிடந்த பழைய வெட்ஜை எடுத்து அளந்தார். ஆறு. இரண்டையும் இன்னொருவரிடமும் கொடுத்து அளக்கச் சொன்னார். மறுநாள் தனியாக மைதானத்துக்கு வந்து, காய்ந்த தரையில் பழையதை வீசினார். அது பந்துக்கு அடியில் சுத்தமாக நுழைந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் அமிர்தராஜைக் கூப்பிட்டார். "அந்த விஷயம் முடிஞ்சுபோச்சு. பையை எடு."

"முடியலீங்க," என்றார் அமிர்தராஜ். "செகரட்டரிகிட்டச் சொல்லித்தான் என் சோத்துத் தூக்கைத் திறந்தீங்க. அவருகிட்டவே, எல்லாரும் இருக்கறப்பச் சொல்லோணுங்க."

நஞ்சுண்டனின் முகம் கறுத்தது. பிறகு போய்ச் சொன்னார். கொட்டகை வாசலில், நாலு வார்த்தையில், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். ஆனாலும் சொன்னார். இருதயம்மாளுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் கேட்ட கேள்வியைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அப்புறம் நஞ்சுண்டன் வெயில்காலத்துக்கு ஆறு டிகிரி மட்டையையும், மழைக்கும் மணல் குழிக்கும் பதினாலையும் வைத்துக்கொண்டார். பையைத் தூக்கியது அமிர்தராஜ்தான். ஆனால் தூக்குமுன் வாசல் காவலர் மாரப்பனை அருகில் நிறுத்தி, ஒவ்வொரு மட்டையாக உருவிக் காட்டி, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். ஆட்டம் முடிந்ததும் மறுபடியும்.

முதல் நாள் நஞ்சுண்டனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா, என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"இல்லீங்க," என்றார் அமிர்தராஜ் மரியாதையாக. பேனாவை மாரப்பனிடம் நீட்டினார்.