பதினைந்து அங்குலப் பெட்டி

2008ஆம் ஆண்டு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. எங்கள் தெருவில் கரண்ட் இரண்டு மணிக்குப் போய் நான்கு மணிக்கு வந்தது. இவ்வளவும் என் ஏழாம் வகுப்பு நோட்டில் இருக்கிறது. எதையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. அதனால்தான் சித்தப்பா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. பென்னலூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் லைன் வேலை. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பிகள்தான். பாட்டுக்கு அடியில் தரை மாதிரிக் கிடக்கும் சத்தம் அது. எல்லாரும் அதன்மேல்தான் நிற்பார்கள், யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். "மீதி ரெண்டு கம்பி எங்கடா, எலி துன்னுட்ச்சா?" என்று அப்பா கேட்பார். மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்பார்.

சித்திரைத் திருவிழாவில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் சித்தப்பாவின் குழு வாசித்தது. ஃபேக்டரி ஹாஸ்டல் பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சித்தப்பா வேலை செய்த அதே லைனில் இருந்தவள், சாத்தூர்ப் பக்கத்துக்காரி. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அவள் சொன்னதைச் சித்தப்பா அன்றிரவு சாப்பாட்டின்போது அவள் பேச்சிலேயே எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்.

"எல்லாம் கேட்டுச்சுங்க. நீங்க வாசிச்சதுதான் கேக்கல. சும்மா மாட்டிக்கிட்டு நின்னீகளோ?"

எல்லாரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார். அந்த வாரமே படப்பைக்குப் போய், வால்வ் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக்கிடம் தனக்கென்று ஓர் ஆம்ப்ளிஃபையர் செய்யச் சொல்லிவிட்டு வந்தார். கடையில் விற்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப் வேண்டாமாம், வால்வ்தான் வேண்டுமாம். "அதுல சத்தம் வரும். இதுல உடம்பு வரும்" என்றார். எனக்குப் புரியவில்லை, ஆனாலும் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் ஆயிற்று. எத்தனை வால்வ், எந்த மரம், குமிழ்கள் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றையும் சித்தப்பாவே தேர்ந்தெடுத்தார். ஆம்ப் கூட்டுக்கான இரும்புத் தகட்டை ஒரகடத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த நண்பர் முதலாளியிடம் சொல்லிவிட்டு வளைத்துக் கொடுத்தார். கடைசியில் ஒரே ஒரு தேர்வு மிஞ்சியது: ஸ்பீக்கர் பெட்டி.

"ஆடியோட அந்தப் பொண்ணு வேலைய வுட்டுட்டுப் போவுது. அதுக்குள்ள ஒரு தபா அது காதுல வுழணும். இல்லன்னா காலத்துக்கும் சும்மா நின்னவன்னு பேரு" என்றார் சித்தப்பா. வீட்டில் எல்லாரும் இதை ரோஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் மினிவேனில் ஆம்பையும் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். ஒரு பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. இன்னொன்றில் பதினைந்து அங்குலம், ஒன்றே ஒன்று. வேண்டாததை ஐந்தரை மணிக்குள் திருப்பி ஏற்ற வேண்டும்.

"பொட்டிய மாட்டாம மட்டும் ஸ்விட்ச் போட்டுடாத. டிரான்ஸ்பார்மர் வெந்துடும். ரெண்டு பொட்டியும் எட்டு ஓம். பின்னாடி எட்டுன்னு போட்ட ஓட்டையில சொருகு, நாலுல சொருகாத" என்றார் மெக்கானிக்.

"கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கற மாதிரி கீதே" என்றார் அப்பா.

"அதுக்குக்கூட பரிகாரம் கீதுண்ணே. இதுக்குக் கெடையாது."

கரண்ட் வந்தது. வால்வுகள் மெல்லச் சிவந்தன. முதலில் நான்கு ஸ்பீக்கர் பெட்டி: ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, விரலால் சுண்டியது போலத் தெறித்தது. பிறகு பதினைந்து அங்குலப் பெட்டி. அது தெறிக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்த எனக்குச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் முதுகுக்கு வந்தது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடித்த பிறகும் சிறிது நேரம் திறக்கவில்லை.

"இதான் புடிச்சிருக்கு, மூஞ்சிலயே தெரியுது" என்றார் மெக்கானிக்.

"எனக்குப் புடிச்சி இன்னா ஆவறது? அங்க கேக்கணும்" என்று சித்தப்பா கையை நீட்டினார். காலி மனைகளுக்கு அப்பால், பெரிய ரோட்டின் ஓரத்தில், பெண்கள் ஹாஸ்டலின் நீலத் தகரக் கேட் தெரிந்தது.

என் வேலை இது. அந்தக் கேட் வரை நடக்க வேண்டும். கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே யாராவது இருந்தால் அவர்களையும் கேட்க வேண்டும். நான் திரும்பி வரும்வரை சித்தப்பா அதே பாட்டை வாசித்துக்கொண்டே இருப்பார். நோட்டில் கோடு போட்டு இரண்டு கட்டங்கள் வரைந்துகொண்டேன்: கேட்கிறது, கேட்கவில்லை. கேட் வரை என் காலடியில் இருநூற்று நாற்பது அடிகள். அளப்பதற்கு வசதியான தூரம் என்பதால்தான் அந்தக் கேட்டைச் சொன்னார் என்று நினைத்தேன்.

முதலில் நான்கு ஸ்பீக்கர் பெட்டியை மாட்டினார்கள். 4.20க்குக் கிளம்பினேன். கேட்டருகே ஒரு அக்கா மட்டும் கிண்ணத்துடன் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் இன்னார் வீட்டுப் பெண் என்றதும் எழுந்துகொண்டாள்.

"அவுக வீட்டுப் பிள்ளையா நீயி? அந்தா கேக்குதே, அவுகதானா?"

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது பாப்பா. யாரோ கதவத் தட்டுற மாதிரிக் கேக்குது."

முதல் கட்டத்தில் 'கேட்கிறது' என்று எழுதினேன். வீடு திரும்பியபோது 4.29.

பதினைந்து அங்குலப் பெட்டிக்கு மாற்றினார்கள். 4.45க்கு மறுபடி கிளம்பினேன். பாதி வழியிலேயே சத்தம் காணாமல் போயிற்று. ரோட்டில் கார்களை ஏற்றிக்கொண்டு நீள நீளமான லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்ணும் கேக்கலையே பாப்பா. வாசிக்கிறாகளா?"

"வாசிச்சிகினுதான் இருக்காரு."

எழுதப் பென்சிலை எடுத்தேன். அக்கா கேட்டைச் சாத்துவதற்காக அதன்மேல் கை வைத்தாள். சாத்தவில்லை. கை தகரத்தின்மேல் அப்படியே இருந்தது. பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையையும் வைத்தாள்.

"சித்தப்பா எப்ப நிறுத்துவாக?"

"நான் திரும்பிப் போனதும்."

"அப்பக் கொஞ்சம் நில்லு."

கிண்ணத்தில் இருந்தது ஊரிலிருந்து வந்த காராச்சேவு. வெளியாட்கள் கொடுப்பதை வாங்கித் தின்னக் கூடாது என்பது அம்மாவின் சட்டம், அதைச் சொன்னேன். "அம்மாட்டச் சொல்லாத" என்று கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். காரம் அதிகம், மிளகு வாசனை. நான் தின்று முடிக்க முடிக்க மறுபடி மறுபடி கொடுத்தாள். ஒரு முறை, "இங்கிட்டுக் கைய வச்சுப் பாரேன்" என்றாள். என் ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் சேவு. வைக்கவில்லை.

"வெள்ளிக்கிழம கோயில் கச்சேரிக்கு வருவீங்களா அக்கா?"

"வருவேன். ஞாயித்துக்கிழம ஊருக்கு. ஆவணி பொறந்துட்டா அங்க வேலை கெடக்கு."

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. நோட்டை நீட்டி, கேட்கிறதா, கேட்கவில்லையா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று கறாராகக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"கேக்கல பாப்பா. கேக்கலைன்னே எழுதிக்க. ஆனா நிறுத்தச் சொல்லாத."

அவள் சொன்னதில் முதல் பாதிக்குத்தான் கட்டம் இருந்தது. எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது 5.16. சித்தப்பா வியர்வையில் நனைந்திருந்தார். இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். "இன்னா பாப்பா, இவ்ளோ நேரம்?" என்றார். பின்னால் அம்மா நின்றாள். என் வாயில் மிளகு மணத்தது.

"லாரி நெறைய போச்சி. அதான் நின்னு கேட்டேன்" என்றேன்.

"கேட்டுச்சா?"

நோட்டைக் காட்டினேன். அவர் இரண்டு வரிகளையும் படித்தார். பிறகு பதினைந்து அங்குலப் பெட்டியின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "ஏத்திக்கோங்கண்ணே" என்றார். ஐந்தரைக்கு மினிவேன் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை கூழ் ஊற்றி முடிந்ததும் கச்சேரி. நான்கு ஸ்பீக்கர் பெட்டி மேடையில் பளபளவென்று இருந்தது. சித்தப்பாவின் ஒவ்வொரு ஸ்வரமும் ஊருக்கே கேட்டது. அப்பாகூட, "பரவால்லடா, நாலு கம்பியும் வேல செய்யுது" என்றார். சாத்தூர் அக்கா பெண்கள் பக்கம், தடுப்புக் கம்பியருகே நின்றாள். கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். சற்றுத் தள்ளிப் போய் மறுபடி வைத்தாள். ஒரு பாட்டு முழுக்க அப்படியே நின்றாள். அழுக்கான கம்பியை ஏன் தொட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குக் கீழே வந்து சித்தப்பாவிடம், "இன்னைக்கு நல்லாக் கேட்டுச்சுங்க" என்றாள்.

"இனிமே சும்மா நின்னேன்னு சொல்ல மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டேங்க."

இருவரும் சிரித்தார்கள். சித்தப்பா ஒயரைச் சுற்றத் தொடங்கினார். அவள் தோழிகளோடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவள் திரும்பவில்லை.

சித்தப்பாவுக்குப் பிறகு கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் ஆயிற்று. ஆம்ப் இன்னும் வேலை செய்கிறது. வால்வ் மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். போன பொங்கலன்று தூசு தட்டும்போது, "அந்தப் பெரிய பொட்டிதான் பாப்பா எனக்கு மனசுக்குப் புடிச்சிது. இன்னா பண்றது, நீ கேக்கலன்னு எழுதிட்டியே" என்று சிரித்தார். குற்றமாகச் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். காராச்சேவைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எண்களில் ஒரு பிழையும் இல்லை. கிளம்பியது 4.45, திரும்பியது 5.16. போகவும் வரவும் ஆறு நிமிடம் போக, மீதி இருபத்தைந்து நிமிடம். சேவு அள்ளித் தந்த நேரம் தவிர அவ்வளவு நேரமும் அவள் இரண்டு கைகளையும் கேட்டின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள், நான் தின்றுகொண்டிருந்தேன், கேட்கவில்லை என்று நான் எழுதப்போகும் பாட்டைச் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்.