கேட்ச்சரைக் கொடுத்து இடதுகைக்காரனை வாங்கிய கதை

வெர்னா குபியாக் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், பின்சீட்டு வாலுகள் எல்லாம் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். பேஸ்பால் மைதானத்தில் அவளுடைய இருக்கை எனக்கு அடுத்தது, மட்டைக்காரன் பின்னால் குந்தி, எறிகிறவனுக்குச் சைகை காட்டிப் பந்தைப் பிடிக்கிற கேட்ச்சருக்கு நேர் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம். அங்கே அவள் வாயை அடக்க இன்னும் ஓர் ஆள் பிறக்கவில்லை. நான் டயர் கடை வைத்திருக்கிறேன், சத்தம் எனக்குப் பழக்கம்தான். இருந்தும் சில நாள் காது அடைத்துப் போகும்.

எங்கள் ஊர் கால்டருக்கு இருப்பது ஒரே ஓர் அணி, ஹெரான்ஸ். பெரிய அணிகளில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்து இழந்தவர்களும் வந்து ஆடுகிற அணி. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் கோடை முழுக்க ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஓர் ஆட்டக்காரனை வீட்டில் வைத்துப் படுக்கையும் சாப்பாடும் கொடுப்போம். வெர்னாவின் மாடி அறையில் எப்போதும் ஒரு கேட்ச்சர் இருப்பான். வேறு ஆளைக் கொடுத்தால் அவள் ஏற்கமாட்டாள்.

அணி யாரையாவது கொடுத்து யாரையாவது வாங்கினால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "வெர்னா என்ன சொல்றா?" என்பதுதான். ஆட்டம் வேறு, பாசம் வேறு என்பாள். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஸ்டப்ஸை ஒரு வருடம் விற்றார்கள். எல்லோரும் குமுறிக்கொண்டிருந்தபோது, "நல்ல ட்ரேட். அவன் முட்டி போயிடுச்சு, உங்க கண்ணுக்குத்தான் தெரியல" என்றாள். அவளோடு பல பேர் பேசவில்லை. போன இடத்தில் ஸ்டப்ஸ் ஓட முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் வந்து பேசினார்கள்.

இந்த மே மாதம் மாடி அறைக்கு வந்தவன் வேட் காலன். நெப்ராஸ்காக்காரன், இரண்டாவது கேட்ச்சர், பாதி நாள் பெஞ்சில் உட்காருகிறவன். நல்ல பிள்ளை, வாய் திறந்தால் "மிஸ் வெர்னா, மிஸ் வெர்னா"தான். அவளும், "என் பையன் அடிச்சான் பாத்தியா, ஹெர்ப்?" என்று என் விலாவில் இடிப்பாள். ஆட்டம் முடிந்து போனால் சாப்பாட்டு மேசையில் இன்னோர் ஆட்டம் நடக்கும். உப்புக் குடுவை முதல் பேஸ், கெச்சப் இரண்டாவது பேஸ். "ஏழாவது இன்னிங்ஸ்ல ஏம்ப்பா உள்பக்கம் போடச் சொன்னே? அவன் அதுக்குத்தானே காத்துக்கிட்டு நின்னான்?" வேட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா மிஸ் வெர்னா" என்பான். நானும் அந்த மேசையில் பன்றிக்கறியை வெட்டிக்கொண்டு, "அவ சொல்றது சரிதான்டா" என்று ஒத்து ஊதியிருக்கிறேன்.

ஜூலையில் ஒரு நாள் அணி வெளியூர் ஆட்டங்களுக்குப் புறப்பட்டது. வெர்னா முட்டை பொரித்துக் கொடுத்தாள், வழிக்கு ஹாம் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். வேட் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, அவளைக் கட்டி அணைத்துவிட்டுப் போனான். மத்தியானம் என் கடை ரேடியோ சொல்கிறது, ஹெரான்ஸ் வேட் காலனை டன்மோர் அணிக்குக் கொடுத்து, மெக்லூர் என்ற, இடதுகையால் பந்து எறிகிற பிட்ச்சரை வாங்கிவிட்டதாம். நான்தான் அவளுக்கு போன் பண்ணினேன். "போடா பொய் சொல்லாதே" என்று வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, "புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பஸ்ஸுல ஏத்தி வித்திருக்கானுங்க, ஹெர்ப்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

எங்கள் ரசிகர் மன்றம் மாதம் ஒருமுறை தீயணைப்பு நிலையக் கூடத்தில் பான்கேக் சுட்டுக் கூடும். மேனேஜர் பர்டெட் வந்தாக வேண்டும், யார் எழுந்து எதைக் கேட்டாலும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். அன்று வெர்னா பான்கேக்கைத் தொடவே இல்லை.

"பர்டெட், வித்தது தப்புன்னு அழ வரல. கணக்கு மட்டும் சொல்லு. தோள் தேஞ்ச கிழவன் ஒருத்தன், ரெண்டு பேருக்கு எறிஞ்சா மூணாவது ஆள் வர்றதுக்குள்ள தோளுக்கு ஐஸ்கட்டி தேடுவான். அவனுக்கா நம்ம வேட் பையனைக் கொடுத்தே? வேட் கேட்ச்சரா உக்காந்தா நம்ம பசங்க பயப்படாம தாழ எறியிறாங்க, ஒரு பந்து பின்னால போகாது. பசுவைக் கொடுத்துட்டு கயித்தை வாங்கிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

மேசைகள் அதிரத் தட்டினார்கள். உரக்கத் தட்டியவன் நான்தான்.

பர்டெட் வாயைத் துடைத்துக்கொண்டான். "வெர்னா, கொஞ்சம் வெளிய வா, பேசிக்கலாம்."

"தனியாப் பேச நமக்குள்ள என்ன இருக்கு? மன்றத்துல கேட்டா மன்றத்துலயே பதில். அதான் இங்க வழக்கம்."

"வேணாம், வெர்னா."

"சொல்லுய்யா!"

"அவன்தான் கேட்டான்" என்றான் பர்டெட். "எங்கயாவது அனுப்பிடுங்கன்னு. ஜூன் மாசத்துலயே."

"டன்மோர்ல தினமும் ஆடலாம்னா? நியாயம்தானே. என்கிட்ட சொல்லியிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருப்பேனே!"

"அதில்ல. முதல்ல வீட்டை மாத்தித் தரச் சொன்னான். வெர்னா வீட்டை விட்டு வேற வீடான்னு ஊரு சிரிக்கும், உன் மனசு ஒடிஞ்சிடும்னு நான்தான் முடியாதுன்னேன். அப்ப ஊரையே மாத்திடுங்கன்னான். 'மைதானத்துல ஒரு தடவை தோக்குறேன். வீட்டுக்குப் போய் மேசையில இன்னொரு தடவை தோக்க என்னால ஆவல'ன்னு சொன்னான்."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றால் இதுதான். ஜூனிலேயே கேட்டுவிட்டு ஜூலைவரை அவள் கையால் தின்றிருக்கிறான், போகிற அன்று சாண்ட்விச்சையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். 'சாப்பிடும்போது ஆட்டப் பேச்சு வேண்டாம்' என்று சொல்ல நாக்கில் என்ன சுளுக்கா? அவன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த மேசையில் நானும் இருந்தேன், அவன் கரண்டியைக் கீழே வைத்ததை நானும்தான் பார்த்தேன். இருந்தாலும் கட்டி அணைத்துவிட்டா போவான் பாவி?

பின்னாலிருந்து ஏதோ ஒரு மடையன், சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, "அப்ப ட்ரேட் எப்படி, வெர்னா?" என்றான்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நல்ல ட்ரேட்" என்றாள். "பெஞ்சுல உக்கார்ற கேட்ச்சர். அதுவும் எப்படா போவோம்னு நின்னவன். அவனைக் கொடுத்து இடதுகைக்காரன் கிடைச்சிருக்கான்னா கொள்ளை லாபம்."

யாரும் மேசையைத் தட்டவில்லை. பர்டெட் மெதுவாக, "மெக்லூர் திங்கக்கிழமை வர்றான், அந்த அறை..." என்று இழுத்தான்.

"வேற வீடு பாரு" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். காரில் ஏறும்போது, "உனக்கும் தெரியுமா, ஹெர்ப்?" என்று மட்டும் கேட்டாள். சத்தியமாகத் தெரியாது என்றேன். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெக்லூர் நன்றாகவே எறிந்தான். அவன் தோள் தேயவும் இல்லை, ஐஸ்கட்டி தேடவும் இல்லை. வெர்னாவும் ஓர் ஆட்டம் விடாமல் வந்தாள், அதே இருக்கை. ஆனால் கத்தவில்லை, நடுவரைத் திட்டவில்லை, என் விலாவில் இடிக்கவில்லை. ஊர் எழுந்து நின்று கூச்சலிடும்போது கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். அந்த அமைதி எனக்குப் பழகவே இல்லை.

ஆகஸ்டில் டன்மோர் எங்கள் மைதானத்துக்கு வந்தது. ஆட்டம் தொடங்குமுன் வேட் வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது.

"மிஸ் வெர்னா."

"வா வேட். நல்லா இருக்கியா?" பக்கத்துத் தெருக்காரனைக் கேட்பது போலக் கேட்டாள்.

"இருக்கேன். இப்ப தினமும் ஆடுறேன்." தரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ரெண்டு வாரமா பந்தே பேட்ல படமாட்டேங்குது. என்னன்னே புரியல. அங்க யாரும் எதுவும் சொல்றதில்ல. இன்னைக்குக் கொஞ்சம் பாத்துட்டு... எங்க தப்பு பண்றேன்னு சொல்லுவீங்களா?"

அவள் இப்போது வெடிப்பாள் என்று நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் கைப்பையிலிருந்து குளிர்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எனக்கென்னப்பா தெரியும்?" என்றாள். "நான் சும்மா வேடிக்கை பாக்க வந்தவ."

வேட் இன்னும் ஏதாவது வரும் என்று காத்து நின்றான். டன்மோர்க்காரர்கள் கூப்பிட்டதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.