கத்தாமல் நின்ற ஐந்து விநாடி

கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிறவருக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘தரைவழி’. அவர் அடித்த பந்து ஒருநாளும் முழங்கால் உயரத்தைத் தாண்டியதில்லை.

திங்கட்கிழமை காலைகளில் உறுப்பினர்கள் வருவதில்லை. பத்து மணி வரை வேலையாட்கள் ஆடிக்கொள்ளலாம். மற்றவர்கள் குட்டையான இரும்பு மட்டைகளோடு திருப்திப்பட்டுக்கொள்ள, மெஷின்காரருக்கு மட்டும் தூரம் அடிப்பதற்கான மூன்றாம் நம்பர் ‘வுட்’ மட்டை மேல் பித்து. நீளமான தண்டு, உருண்டைத் தலை. பந்தைக் குச்சியில் தூக்கி வைத்து அடித்தால் அது யாருக்கும் பறக்கும். தானே வெட்டிய ஃபேர்வேயில், அதாவது ஆட்டப் பாதையின் புல்லில், கிடக்கிற பந்தை அப்படியே பறக்கவிட வேண்டும் என்பது அவருடைய பதினோரு வருஷ ஆசை.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. மட்டைகள் பெயர்த்த பள்ளங்களில் மணல் நிரப்புவார். கணவர் ஆடும்போதும் வேலையை விடமாட்டார். ஃபேர்வே வளைகிற இடத்தில், நூற்றெண்பது கஜம் தள்ளி, குனிந்தபடி இருப்பார்.

“தள்ளி நில்லுங்கக்கா, உங்க வீட்டுக்காரர் அடிக்கப் போறாரு” என்பார் கூட மணல் போடுகிற பெண்.

“அவர் பந்தா? அது இங்க வந்து சேர்றதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன்.”

கணவர் ஆட்டத்தின் கோளாறைக் கண்டுபிடித்ததும் மனைவிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு பெருக்கிக்கொண்டே சொன்னார்: “நீங்க பந்தைத் தூக்கப் பாக்கிறீங்க. அடிக்கும்போது உடம்பு பின்னால சாயுது. மட்டையோட முகமே சாய்வாத்தான இருக்கு? தூக்குற வேலையை அது பாத்துக்கும். நீங்க புல்லைப் பெருக்குங்க, போதும்.”

“விளக்குமாத்த வச்சு எனக்குப் பாடமா?”

“மட்டைய வச்சுப் பதினோரு வருஷமா என்னத்தக் கிழிச்சீங்க?”

மறுநாள் காலை மெஷின்காரர் பந்தை இடது காலுக்குச் சற்று உள்ளே வைத்தார். அவசரப்படவில்லை. பெருக்கினார். கையில் அடித்த உணர்வே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது பந்து மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

அது கீழே வர ஐந்து விநாடி. எதிரே ஆள் இருந்தால் கத்த வேண்டும் என்பது ஆட்டத்தின் முதல் விதி. அவருக்குக் கத்த வேண்டிய அவசியமே அதுவரை வந்ததில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அடித்த சத்தம் புதிதாக இருக்கவே, மனைவி தலையை நிமிர்த்தினார்.

பந்து பட்டு அவருடைய இடது கண் போய்விட்டது. டாக்டர் இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மனைவி ஒன்றைத்தான் சொன்னார். “அவர் கத்தினாரு. காத்துல எனக்குத்தான் கேக்கல.” மேஸ்திரியிடமும் அதையே சொன்னார். மெஷின்காரர் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் தாங்கினார். ஒரு நாள் மத்தியானம், மனைவியின் கண்ணில் சொட்டு மருந்து போட்டுவிட்டு, பாட்டிலை மூடாமலே சொன்னார்:

“நான் கத்தவே இல்லம்மா. பந்தைப் பாத்துட்டு நின்னேன்.”

மனைவி கன்னத்தில் வழிந்த மருந்தை முந்தானையால் ஒற்றினார்.

“நான் நிக்கிறது தெரியுமில்ல?”

“தெரியும்.”

“ஞாபகம் இருந்துச்சா?”

இல்லை என்று மெஷின்காரர் தலையாட்டினார். மனைவிக்கு அது தெரியவில்லை. அவர் உட்கார்ந்திருந்தது பார்வை போன இடது பக்கம்.

“வாயத் தொறந்து சொல்லுங்க.”

“இல்ல.”

மனைவி கை நீட்டினார். பாட்டில் வாய்க்கு இரண்டு விரல் தள்ளிக் காற்றில் துழாவி, இரண்டாவது முறையில் பிடித்து, மூடியைத் தேடி மூடினார்.

“கேக்கிறவங்ககிட்ட நீங்க கத்தினதாத்தான் இனியும் சொல்வேன். நீங்க அதை மறுக்கக் கூடாது. அவங்க பரிதாபத்தை என்னால தாங்க முடியாது.” பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டார். “நாளையிலேருந்து மருந்தை நானே போட்டுக்கிறேன்.”