கரடித்தோல் கோட்டு

என் அண்ணன் செத்தபோது இரண்டு கரடித்தோல் பாக்கி வைத்துவிட்டுப் போனான்.

ஆம்பூரில் இப்படிச் சொன்னால் தோல் கம்பெனி விவகாரம் என்று நினைப்பார்கள். இது லேப்டாப் கேம். பனிமலையில் ஒருத்தன் தனியாக வேட்டையாடிப் பிழைக்க வேண்டும். கரடித்தோல் சேர்த்தால் கோட்டு தைத்துக்கொள்ளலாம்; அவனுக்கு இன்னும் இரண்டு குறைந்தது. அண்ணன் பகலெல்லாம் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் தூக்கிவிட்டு வந்து, குளித்துவிட்டு, மறுபடியும் தோலுக்கே அலைவான். லூசு.

நான் எட்டாவதோடு நின்று, ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவன். எந்த கேமிலும் ஒரு முயலைக்கூட நேர்மையாக அடித்ததில்லை. டிரெயினர் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. ஓடவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் தோல், காசு, உயிர் எல்லாம் கொட்டும். அண்ணனிடம் உனக்கும் போட்டுத் தரவா என்று கேட்டதற்கு என் தலையில் தட்டினான்.

"உழைச்சதுக்குக் கரெக்டா குடுக்குறவன் இந்த கேம்காரன் ஒருத்தன்தான்டா. இவன்கிட்டயும் திருடுறியா?"

அப்புறம் ஒருநாள் பைக்கில் வரும்போது லாரிக்காரன் அடித்துப் போட்டுவிட்டான்.

காரியத்தன்று படையலில் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் அம்மா வைத்தாள். பிரியாணி, கத்திரிக்காய், இனிப்புக்கு மக்கன் பேடா, ஒரு குவாட்டர்கூட.

"அந்த கேமையும் வைடா. கோட்டு கோட்டுன்னு அலைஞ்சான். அத முடிச்சு வையி."

லேப்டாப்பை இலைக்குப் பக்கத்தில் வைத்து, டிரெயினர் இல்லாமல் ஆட உட்கார்ந்தேன். அவன் கேம், அவன் முறை. படையல் முடியாமல் யாரும் சாப்பிடக் கூடாது. சொந்தக்காரர்கள் பிரியாணி வாசனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இன்னாடா, கரடி வந்துச்சா?" என்றார் தாய்மாமா.

"வந்துச்சு மாமா. என்னைத் தின்னுட்டுப் போய்டுச்சு."

"அதுவாச்சும் சாப்ட்டுச்சே."

ரொம்ப நேரம் கழித்து ஒரு கரடியை அடித்தேன். அதற்குள் பிரியாணி ஆறிவிட்டது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஒரு பட்டன் தட்டுவியே, அத தட்டு."

"அண்ணன் திட்டுவான்மா."

"பிரியாணி மட்டும் நானா செஞ்சேன்? கடைல வாங்குனதுதான். அம்மா குடுத்தா வாணாம்னுடுவானா? தட்டு."

தட்டினேன். தோல் கொட்டியது. கோட்டு தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு திரையில் அவன் பனியில் நின்றான். அம்மா இலைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, திரைக்கும் காட்டினாள்.

"இனிமே குளுராதில்ல?"

"குளுராதும்மா."

மாமா மூன்று தட்டு சாப்பிட்டார்.

எல்லோரும் போனபிறகு கேமை மூடினேன். ஆடியதைச் சேமிக்கவா என்று கேட்டது. அவன் ஒவ்வொன்றாகச் சேர்த்த தோலுக்கு நடுவில் என் திருட்டுத் தோல் கிடந்தது. வேண்டாம் என்று அழுத்தினேன். கோட்டு போயிற்று. நான் நிஜமாக அடித்த ஒரே கரடியும் அதோடு போயிற்று.

அம்மாவிடம் சொல்லவில்லை. யாராவது துக்கம் கேட்க வந்தால், பையனுக்குக் கோட்டு போட்டு அனுப்பினோம் என்கிறாள். நான் தினமும் வேலை விட்டு வந்ததும் கரடி தேடப் போகிறேன். ரொம்ப மோசமாக ஆடுகிறேன்.