கூழில் சீரகம், கிருமியில் எழுத்துப் பிழை

போன ஞாயிறு ஓரகத்தி கோமளா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் திவ்யா கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். கிருமிகளின் மரபணுவைப் படிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. சுவரில் அவள் பட்டமளிப்புப் படம்... சாமி படத்தைவிடப் பெரிசு! என் மகள் ராவாங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறாள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்?

இன்னொரு எரிச்சலும் உண்டு. எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுவது மூத்த மருமகளின் உரிமை. அதாவது என் உரிமை. கோவிட் கட்டுப்பாடு தளர்ந்த ஓர் ஆடியில், கூழுக்கு வந்தவர்களில் பலர் படுத்துவிட்டார்கள். முதலில் இருமியது நான். போதாதா?

"கூழோட சீக்கையும் ஊத்திட்டா" என்று பேச்சு. கரண்டி கோமளா கைக்குப் போனது – இன்றுவரை திரும்பவில்லை. ஒவ்வோர் ஆடியும் பின்னால் நின்று அழுவேன்.

அன்று திவ்யாவைக் குத்தினேன். "இவ்ளோ படிச்சியே, நான்தான் பரப்புனேனான்னு ஒன் மெஷின் சொல்லுமா?"

"அப்ப எடுத்த சாம்பிளெல்லாம் எங்க லேப்லதான் படிச்சாங்க பெரியம்மா. உங்களோடத நீங்க கேக்கலாம். மத்ததுல கோயில்ல பரவுனதுன்னு மட்டும் குறிச்சிருக்கும், யாரோடதுன்னு எனக்கே தெரியாது."

"யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு அதுல எப்படிடி தெரியும்?"

"கிருமி தன்னையே காப்பி எடுக்கும். அப்பப்ப மரபணுவுல ஒரு எழுத்து தப்பாயிடும். அந்தத் தப்பு அடுத்த ஆளுக்கும் போகும். ஒரே தப்புங்க இருந்தா, ஒரே வழியில வந்தது."

எனக்கு உடனே புரிந்தது. என் கூழில் சீரகம் கிடையாது. என்னிடம் கற்ற கோமளா சீரகம் போட்டாள். அவளிடம் கற்றவர்கள் எல்லாரும் போடுகிறார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்று நாக்கே சொல்லிவிடாதா?

என்னுடையதைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டுவிட்டேனே தவிர, பயம் பிடித்துக்கொண்டது. நான்தான் என்று வந்துவிட்டால்? ஆத்தாளுக்கு விளக்கேற்றிக் காத்திருந்தேன்.

புதன்கிழமை போன் வந்தது. "உங்களோடது வேற கிளை பெரியம்மா. கோயில்ல பரவுனதுக்குக் கிட்டகூட வரல. யாரு கொண்டாந்தாங்கன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அது நீங்க இல்ல."

ஆத்தாள் விளக்குக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன். கண்ணீர் நிற்கவில்லை.

சாயங்காலமே கோமளா கரண்டியோடு வந்தாள். "மன்னிச்சிருங்க அக்கா. இந்த ஆடிக்கு நீங்கதான் ஊத்தணும்." அத்தோடு நிறுத்தினாளா? வாசலிலேயே நின்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். "கேட்டீங்களா? எம்மக கண்டுபிடிச்சிட்டா லா!"

பழி போனது எனக்கு. பெருமை வந்தது அவளுக்கு!

வெள்ளிக்கிழமை கோயிலில் கரண்டியை ஆத்தாள் காலடியில் வைத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் என் மகள் நின்றதால், வாய்விட்டுச் சொல்லவில்லை...

கரண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டே தாயே – அந்தப் பொண்ணை என் வயித்துல கொடுத்திருக்கக்கூடாதா?