மெஷினுக்கு நெற்றி எது?

நான் பொறுப்பேற்ற முதல் மெஷின், நல்ல அரிசியை எல்லாம் ஆகாதது என்று ஊதித் தள்ளியது.

இடம் மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலை. மெஷினுக்குப் பெயர் கலர் சார்ட்டர். அரிசி சரிவில் கொட்டும்போது கேமரா பார்க்கும். கறுப்பு, பழுப்பு மணி வந்தால் காற்றடித்து ரிஜெக்ட் பக்கம் தள்ளிவிடும். கொரியாவிலிருந்து இன்ஜினீயர் கிம் வந்திருந்தார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கி, ஆலையின் தமிழை ஆங்கிலமாக்கி, நடுவில் ஸ்பேனரும் பிடிப்பது பாலக்கரைக்காரனான என் வேலை. டிரையல் சரியில்லை என்றால் மெஷின் திரும்பிவிடும். மெஷின் விற்ற கம்பெனியில் புரொபேஷனில் இருந்த நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முதலாளி வாசலில் லாரியை நிறுத்தியே வைத்திருந்தார்.

"பாய், ஸ்ரீரங்கத்து ஹோட்டலுக்கு நாளைக்கு லோடு போகணும். சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா மெஷினை வந்த லாரியிலேயே ஏத்திடுவேன், சொல்லிட்டேன்."

கிம் லேப்டாப்பில் சென்சிட்டிவிட்டியை ஏற்றினார், இறக்கினார். ரிஜெக்ட் மூட்டைதான் நிரம்பியது. காலையில் செக்லிஸ்டில் டிக் அடித்த எதையும் திரும்பப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஃபோர்மேன் கோவிந்தன் அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"அரிசி தங்கமாட்டம் இருக்குங்க. மெஷினுக்குத்தான் கண்ணு தெரியல."

கண் என்றதும் எனக்குப் பகீரென்றது. காலையில் கிம் கேமரா முன்னால் இருக்கும் கண்ணாடியைக் காட்டிப் பேசியதை, "இதுதாங்க மெஷினோட கண்ணு, இருக்கிறதுலயே முக்கியமானது" என்று கோவிந்தனுக்குச் சொன்னவன் நான். அப்புறம் நான் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டேன், கிம் சாப்பிடப் போய்விட்டார். புது மெஷினுக்குப் பூஜை நடந்தது அப்போதுதான்.

"அண்ணே, பொட்டு எங்கெங்க வச்சீங்க?"

"எல்லா எடத்துலயும்தான். கண்ணுக்குத்தான் முதல்ல வச்சேன். முக்கியமானதுன்னு நீங்கதானே பாய் சொன்னீங்க?"

மெஷின் கதவைத் திறந்தோம். கண்ணாடி முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சந்தனம், குங்குமம், வரிசையாக! கிம் கொரிய மொழியில் ஏதோ கத்தினார். அதைத் தமிழாக்க அங்கே ஆளில்லை. துணியோடு பாய்ந்த அவர் கையை முதலாளி பிடித்துக்கொண்டார்.

"வச்ச பொட்டை அழிக்கிறதா? முதல் நாளே மெஷினை மூளியாக்குவாரா?"

"இது அழுக்கு" என்றார் கிம். அதை நான் தமிழாக்கவே இல்லை. அவரிடம், "சார், இது இவங்க குடுக்கிற சர்டிபிகேட். ரத்து பண்ண முடியாது, இடம் மாத்தலாம்" என்றேன். முதலாளியிடம் திரும்பினேன்.

"அழிக்க வேணாங்க. கண்ணுக்குள்ள யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? முதல்ல நெத்தியில வைங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கலாம்."

முதலாளி மோவாயைத் தடவினார். "அதுவும் சரிதான். நெத்தி எங்க இருக்கு?"

கிம் உடனே டேப் எடுத்தார். கண்ணாடிக்கு மேலே சட்டத்தை அளந்து, சரிநடுவில் பென்சிலால் புள்ளி வைத்தார். கோவிந்தன் அதன்மேல் பொட்டு வைத்தார். கண்ணாடி துடைக்கப்பட்டது. சுவிட்சைப் போட்டதும் வெள்ளை வெளேரென்று அரிசி நல்ல பக்கம் கொட்டியது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிம் கோவிந்தனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். முதலாளி லாரிக்காரரிடம், "போய்யா, போய்யா" என்று கை வீசினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்று காலையில் நான் மொழிபெயர்த்ததில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் முக்கியமான பொருளை ஒருவர் தொடவே மாட்டார், இன்னொருவர் தொட்டுக் கும்பிடுவார் என்பதை இருவரிடமும் சொல்லாமல் விட்டேன். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

மறு வருஷம் அதே ஆலைக்கு இரண்டாவது மெஷின் வந்தது. கண்ணாடிக்கு மேலே, சரிநடுவில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் அடித்திருந்தது. பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பூஜைத் தட்டோடு வந்த கோவிந்தன் அதைப் பார்த்துவிட்டு ஆலையே அதிரக் கூவினார்:

"பாய், கிம் சார் இந்தத் தடவை நெத்தியோட அனுப்பியிருக்காரு!"